முப்பது முப்பத்தாறான கதை

மூன்றாவது தடவையும் கட்டுரை திரும்பி வந்தபோது ஹாஜிரா தையல் மெஷினில் ஆட்டோவுக்கான பக்கத்திரை ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜூன் பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. புனேவில் மழை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. அது பிடிப்பதற்குள் ஹடப்சரில் எல்லோருக்கும் எல்லாமும் வேண்டும். பால்கனிக்குத் திரை, வடாபாவ் வண்டிக்குக் கூரை, ஸ்கூட்டருக்கு உறை. கடைப் பலகையில் 'தாட்பத்ரி' என்று மராத்தியில் எழுதியிருக்கும். தார்ப்பாய்க்கு அந்த ஊரில் அதுதான் பேர். ஒன்பது மாசம் ஈ ஓட்டுகிற கடை, மே மாசத்திலிருந்து ஜூலை வரைக்கும் மூச்சு விடாது.

ஹாஜிராவும் அவள் புருஷன் கவுஸும் மேலப்பாளையத்துக்காரர்கள். புனேக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். கீழே கடை, மேலே வீடு. ஒரே மகள் மர்ஜானா, பன்னிரண்டாவது முடித்திருந்தாள். பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே இடம் கிடைத்தால் நாலு வருஷப் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஒரு டிரஸ்ட்டின் பொறுப்பு. அதற்கு மார்க் போதாதாம். தன்னைப் பற்றி, தன் சொந்தக் குரலில், இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். மாசக் கடைசி திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது.

கட்டுரையைத் திருப்பிக் கொண்டுவந்தவள் வைஷு. மர்ஜானாவின் ஜூனியர் காலேஜில் இங்கிலீஷ் டீச்சர். முப்பது வயசுகூட இருக்காது. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. ஸ்கூட்டர் உறைக்கு அளவு கொடுக்க வந்தவள், ரெயின்கோட்டைக் கழற்றாமலே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நன்னாத்தான் எழுதியிருக்கா. ஒரு ஸ்பெல்லிங் தப்பு கெடையாது. அதுதான் எனக்குப் பிரச்னை."

"தப்பில்லன்னா என்ன பிரச்சன டீச்சரம்மா?" ஹாஜிரா மெஷினை நிறுத்தினாள்.

"இதுல மர்ஜானா இல்லை. பேரை அடிச்சுட்டு ஷ்ரேயஸ்னு போட்டா அவனுக்கும் பொருந்தும், அபினவ்னு போட்டா அவனுக்கும் பொருந்தும். 'சின்ன வயசுலேர்ந்து கஷ்டத்தைப் பாத்து வளர்ந்தேன், அப்பாவோட உழைப்புதான் எனக்கு ஊக்கம்.' இந்த வருஷம் இதே வரியோட இருபத்தாறு பேப்பர் படிச்சுட்டேன். எல்லாம் ஃபோன்ல கேட்டு எழுதறது."

"ஃபோன் எழுதல மிஸ்" என்றாள் மர்ஜானா. திரையின் ஓரத்தில் கயிறு கோக்க ரிங் அடித்துக்கொண்டிருந்தவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். "நான்தான் எழுதினேன். ஃபோன் அத கொஞ்சம் டீக் பண்ணிச்சு, சரி பண்ணிச்சு, அவ்ளோதான்."

"அது டீக் பண்ணறச்சே நீ வெளில போயிட்டேடி."

ஹாஜிராவுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே போய்விட்ட மகள் இதோ கையெட்டுகிற தூரத்தில் காதில் பேனாவைச் சொருகிக்கொண்டு நிற்கிறாள். காகிதத்தில் ஒருத்தி இருக்கிறாளா இல்லையா என்று இந்தப் பெண் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? மெஷினில் நூல் அறுந்தால் சத்தத்திலேயே தெரியும், அந்த மாதிரி ஏதாவதா?

"சரி, நேத்திக்கு என்ன பண்ணினே? காலம்பறலேர்ந்து சொல்லு" என்றாள் வைஷு.

மர்ஜானா முதலில் தயங்கினாள். பிறகு சொன்னாள். வாப்பாவோடு ஸ்கூட்டரில் போய் ஏழு வீட்டில் பால்கனி அளந்தாளாம். "மிஸ், பால்கனிய பாத்தாலே அந்த வீட்டுல சண்டையா இல்லையான்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"துணிய வச்சு. சண்டைன்னா புருஷன் துணி ஒரு கயித்துல, பொண்டாட்டி துணி வேற கயித்துல. நடுவுல குழந்தைங்க துணி காயும்."

வைஷு ரெயின்கோட்டின் பட்டன்களைக் கழற்ற ஆரம்பித்தாள். "இதை எழுதேண்டி!"

உள்ளே வெட்டுப் பலகையில் குனிந்திருந்த கவுஸ் நிமிரவில்லை. "அது வேண்டாம் டீச்சர். அளவெடுக்கப் போற வீட்ல அளவு மட்டுந்தான் நம்மளோடது. மத்ததெல்லாம் அவுங்களோடது. நம்பித்தான கதவத் தொறக்காங்க?"

 வைஷுவுக்கு முகம் சிவந்தது. "அங்கிள் சொல்றது சரிதான்" என்றாள். பிறகு மர்ஜானா பக்கம் திரும்பினாள். "அப்போ உன்னோடதை எழுது. இதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லாத ஒண்ணு. பென்சில்ல எழுது, ஃபோனைத் தொடாதே. எனக்குக் காட்டணும்னுகூட இல்லை. எழுதி முடிச்சு, வீட்டுல யாராவது ஒருத்தருக்கு உரக்கப் படிச்சுக் காட்டு. எந்த இடத்துல உனக்குத் தொண்டை அடைக்கறதோ, அங்கேர்ந்து ஆரம்பி."

வைஷு போன பிறகும் ஹாஜிரா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லாத ஒன்று இவளிடம் என்ன இருக்கும்? ராத்திரி தன் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற பிள்ளை. சாப்பிட்ட தட்டைப் பார்த்தே அவளுக்கு என்ன கோபம் என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் உம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருக்க முடியுமா? பயத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது.

அந்த வருஷம் சீசன் அவர்களுக்குச் சரியாக அமையவில்லை. வெட்டுகிற ஆள் இல்லை. ஒன்பது வருஷமாக அந்தப் பலகையில் வெட்டியவர் சபரி, கோவில்பட்டிக்காரர், ஐம்பது தாண்டியவர். மே மாசக் கடைசியில் கோபித்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. ஊரின் மறுகோடியில் சிஞ்ச்வட்டில் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. இப்போது கவுஸே வெட்டுகிறார். மடக்க முடியாத முட்டியோடு பலகையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நேராகப் போக வேண்டிய கத்தரி வளைந்து போகும். வளைந்ததை ஹாஜிரா தையலில் சரிக்கட்ட வேண்டும். கொடுத்த நாளில் எதையும் கொடுக்க முடியவில்லை. வாடிக்கைக்காரர்கள் வாசலில் நின்று மராத்தியிலும் இந்தியிலும் சத்தம் போட்டார்கள்.

சபரி போனதற்குக் காரணம், ஏர்போர்ட்டுக்குப் பக்கத்து விமான் நகரில் ஒரு ஓட்டலின் மொட்டை மாடி. அங்கே ஒரு கல்யாணத்து மஞ்சள் விசேஷம் நடக்க இருந்தது. மழை வந்தால் நனையாமலிருக்க மாடிக்கு மேல் ஒரே துணியாகக் கூரை கேட்டிருந்தார்கள். கவுஸ் விசேஷத்தன்று சாயங்காலம் கொண்டுபோய் விரித்தால் ஆறடி குறைந்தது. அந்த ஆறடிக்கு நேர் கீழேதான் ஜிலேபித் தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. இருநூறு பேர் முன்னால் ஓட்டல் மேனேஜர் கவுஸை வாய்க்கு வந்தபடி ஏசினான். மறுநாள் காலையில் கவுஸ் அளவு நோட்டை விரித்துப் போட்டார். நீளம் முப்பத்தாறு என்று இருந்தது. வெட்டியிருந்ததோ முப்பது.

"ஒம்பது வருசமா வெட்டுற கை! முப்பதுக்கும் முப்பத்தாறுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சாய்யா?" என்று கத்தினார்.

சபரி நோட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஹாஜிராவும் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணனுக்கும் வயசாவுதுல்லா, கண்ணாடிய மாத்தணும்" என்று சமாதானம்போல ஒரு வார்த்தை சொன்னாள். சபரி கத்தரியைத் துடைத்துப் பலகையில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

மர்ஜானா இரண்டு நாள் எழுதினாள். வெட்டுப் பலகையின் ஒரு மூலையில், பழைய பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதினாள். எழுதுவாள், அடிப்பாள், பென்சிலைக் கடிப்பாள். ஒரு தடவை மாடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஹாஜிரா இடியாப்பமும் மீன் ஆணமும் வைத்துக் கூப்பிட்டும் மேலே ஏறி வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மழை ஊற்றிக்கொண்டிருந்ததால் கடையில் ஆள் இல்லை. கவுஸ் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு நின்று டீ குடித்தார். மர்ஜானா காகிதத்தை எடுத்துக்கொண்டு ஹாஜிராவின் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உம்மா, படிக்கட்டா?"

"இங்கிலீசு எனக்கு எங்க புரியப் போவுது? தமிழ்ல சொல்லுளா."

"தமிழ்ல... எனக்குச் சரியா வராது."

"வந்த மட்டுக்கும் சொல்லு. நான் கேக்குதேன்."

அவள் காகிதத்தைப் பார்த்து மனசுக்குள் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் தேடித்தேடிச் சொன்னாள். "எங்க டேப் முப்பதடி. அதுக்கு மேல இருந்தா முப்பதுல சாக்பீஸ் கோடு போட்டுட்டு, அங்கருந்து மறுபடி அளக்கணும். விமான் நகர் ஓட்டல்ல வாப்பா கீழ மேனேஜர்கூடப் பேசிட்டு இருந்தாங்க. நான் மாடியில அளந்தேன். முப்பதுக்குக் கோடு போட்டேன். நோட்டுல முப்பதுன்னு எழுதினேன். அப்ப தலைக்கு மேல பிளேன் வந்துச்சு. ரொம்பக் கிட்ட. வயிறு தெரிஞ்சது, சக்கரம் வெளிய வர்றது தெரிஞ்சது. அதுக்குள்ள இருக்கறவங்க எங்கருந்து வர்றாங்க, ஏன் வர்றாங்கன்னு யோசிச்சேன். நான் எப்பவாச்சும் எங்கயாச்சும் போவேனான்னு யோசிச்சேன். பிளேன் போச்சு. நான் டேப்ப சுத்திட்டேன்."

ஹாஜிராவின் கால் மிதிகட்டையில் அப்படியே நின்றது.

"மிச்சம் ஆறடிய நான் அளக்கவே இல்ல." மர்ஜானாவின் குரல் கீழே இறங்கியது. அடுத்த வரிக்கு வந்து நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். "அடுத்த நாள் காலைல மேல வீட்டுல வாப்பா கத்துறது கேட்டதும், சபரி மாமா வர்றதுக்கு முன்னாடி நான் கடைக்கு இறங்கி வந்தேன். நோட்டத் தொறந்தேன். முப்பதுல இருந்த சைபருக்கு மேல ஒரு கொம்பு போட்டேன். அது ஆறு ஆயிடுச்சு."

கவுஸ் டீ கிளாஸைப் பலகையில் வைத்த சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். "மாமா நோட்டப் பாத்தாங்க. அப்புறம் என்னப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லாம சிரிச்சாங்க. என்ன மன்னிச்சிட்டுப் போனாங்க."

படித்து முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வாசல் தகரச் சாய்ப்பில் மழை அடித்தது. இத்தனை வருஷமாகத் தன் கையில் வளர்ந்தவள்தான், ஆனால் இந்த மர்ஜானாவை ஹாஜிரா அன்றுதான் பார்த்தாள். பிளேனின் வயிற்றைப் பார்த்து யோசிக்கிறவள், சைபருக்குக் கொம்பு போடத் துணிந்தவள். கோபம் வரத்தான் செய்தது. அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. 'கண்ணாடிய மாத்தணும்' என்று தான் சொன்னது காதுக்குள் கேட்டது.

கவுஸ் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். பக்கத்தைத் திருப்பி அந்த எண்ணைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் ஹாஜிரா நினைத்தாள். அவர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் அவன்ட்ட கேக்கவே இல்லியே" என்றார். "என்னய்யா நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்பான்லா."

"வாப்பா..."

"நீ பேசாத." நோட்டை மூடி வைத்துவிட்டு, "இந்தக் காயிதத்த அனுப்பப் போறியா?" என்று கேட்டார்.

"தெரியல வாப்பா."

"மொதல்ல அவன்ட்ட படிச்சுக் காட்டு. அதுக்கப்புறம் அனுப்புவியோ கிழிப்பியோ, ஒன் பாடு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சீசனில் ஒருநாளும் மூடாத கடையை மூடிவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். பஸ்ஸில் புனே ஸ்டேஷன், அங்கிருந்து சிஞ்ச்வட் வழியாகப் போகிற லோனாவ்லா லோக்கல் ரயில். ஜன்னலோரத்தில் மர்ஜானா காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்திருந்தாள். கவுஸ் ராத்திரியே நாலு பேரிடம் ஃபோனில் கேட்டுச் சபரியின் விலாசம் வாங்கியிருந்தார். ஹாஜிரா தூக்குச்சட்டியில் தாளிச்சாவும் நெய்ச்சோறும் எடுத்து வந்திருந்தாள். வெறுங்கையோடு போக அவளுக்கு மனசு வரவில்லை.

சபரியின் அறை சிஞ்ச்வட் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. இன்னொரு ஆளோடு சேர்ந்து இருக்கிறார், அந்த ஆள் ஷிப்ட்டுக்குப் போயிருந்தான். சபரி லுங்கியோடு துணி துவைத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த சோப்பைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

"வாங்க பாய். வாம்மா." மர்ஜானாவை அவர் கூப்பிடவில்லை.

பாயை விரித்து உட்கார வைத்தார், கவுஸ் முட்டியை மடக்காமல் காலை நீட்டிக்கொண்டார். யார் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் கவுஸ்தான் வாயைத் திறந்தார். "பாப்பா ஒண்ணு எழுதிருக்கா சபரி. ஒன்னையப் பத்தியும் வருது. கேட்டுக்க."

மர்ஜானா படித்தாள். நேற்றைவிடத் தமிழ் கொஞ்சம் சரளமாக வந்தது. கொம்பு போட்ட இடத்தில் குரல் உடைந்தது, ஆனாலும் படித்தாள். சபரி சுவரில் சாய்ந்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்துத் துடைத்துக் கேட்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் முடிவில். "நான் முப்பதுன்னு பாத்துத்தான் வெட்டுனேன். நோட்ட விரிச்சப்ப சைபருக்குக் கொம்பு மொளச்சிருக்கு. கொம்புல மை இன்னும் காயல."

"பெறகு ஏன்யா சொல்லல?" என்றார் கவுஸ்.

"நீங்க கேக்கலியே பாய். ஏசுனீங்க. ஏசுறவங்ககிட்ட என்னத்தச் சொல்ல? பச்சப்புள்ள மேல பழியத் தூக்கிப் போடுறாம்பீங்க."

"தப்புதாம்ப்பா. கேட்டிருக்கணும்."

"நானும் அன்னைக்குக் கண்ணாடியப் பத்திச் சொல்லிருக்கப்படாது அண்ணே" என்றாள் ஹாஜிரா.

சபரி மர்ஜானாவைப் பார்த்தார், வந்ததிலிருந்து முதல் தடவையாக. "பாப்பா, அதுல ஒரு தப்பு இருக்கு."

"எது மாமா?"

"நான் சிரிச்சேன்னு எழுதிருக்க. நான் எங்க சிரிச்சேன்?"

"நீங்க என்னப் பாத்து சிரிச்சீங்க மாமா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அது சிரிப்பில்ல. பல்லக் கடிச்சேன்."

 அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிட்டுப் போனேன்னு வேற எழுதிருக்க. நான் எப்ப மன்னிச்சேன்?" சபரியின் குரலில் சூடு இருந்தது. "ஒன்னப் பத்தி எழுதுனதெல்லாம் நெசம். கேக்கும்போதே தெரியுது, ஒனக்கு வலிச்சு வலிச்சு வந்துருக்கு. என் எடம் வந்ததும் மட்டும் ஏன் வழுக்கிக்கிட்டுப் போற? என்னைய நல்லவனாக்கிட்டா ஒனக்குத்தான் சவுரியம்."

மர்ஜானாவின் முகம் வெளுத்தது. ஹாஜிரா குறுக்கே ஏதோ சொல்லப் போனாள். கவுஸ் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மர்ஜானா அழுவாள் என்று ஹாஜிரா எதிர்பார்த்தாள். அவளோ பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். 'சிரிச்சாங்க', 'மன்னிச்சிட்டுப் போனாங்க' என்ற வரிகளை அடித்தாள். முழங்காலை மடக்கி நேராக உட்கார்ந்தாள்.

"அப்ப என்ன நடந்துச்சு மாமா? கடையவிட்டு இறங்குனதுலருந்து சொல்லுங்க."

சபரி கொஞ்சம் திகைத்துத்தான் போனார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லைபோல. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நேரா ஸ்டேசனுக்குத்தான் வந்தேன். ரயில்ல ஏறுனதுலருந்து ஒன்னயக் கறுவிக்கிட்டேதான் வந்தேன். இவ நல்லா இருப்பாளான்னு. கடுக்கில வண்டி நின்னப்ப, சின்னப்புள்ளயப் போயி இப்பிடி நெனைக்கமேன்னு இருந்துச்சு. அடுத்த ஸ்டேசன் தாபோடிகூடத் தாண்டல, மறுபடி கறுவுனேன். ஒரு வாரம் சோறு எறங்கல. கத்தரியத் தொட்ட கை சும்மா இருக்க மாட்டேங்குது. பழைய பேப்பர எடுத்து வச்சு வெட்டிக்கிட்டு உக்காந்துருந்தேன், பைத்தியக்காரன் மாதிரி."

"கறுவுறதுன்னா என்ன மாமா? கோவமா?"

"கோவம் வந்துட்டுப் போயிரும். இது உள்ளயே கெடந்து உருளும்."

"இங்கிலீஷ்ல இதுக்கு என்னன்னு தெரியல." மர்ஜானா பென்சிலைக் காதோரம் வைத்து யோசித்தாள். "தமிழ்லயே போடுறேன். உம்மா, எப்படி எழுதணும்?"

ஹாஜிராவுக்குச் சட்டென்று ஐயம் வந்துவிட்டது. "க போடு. அடுத்தது... சின்ன ருவா, பெரிய றுவா அண்ணே?"

"பெரிய று" என்றார் சபரி.

மர்ஜானா தமிழ் எழுத்து எழுதிப் பழகாதவள். ஹாஜிரா விரலால் பாயில் வரைந்து காட்ட, பார்த்துப் பார்த்து எழுதினாள். எழுத்து ஒன்று குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் வந்தது. இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவே அந்த ஒரு வார்த்தை, ஊருக்குப் புதிதாக வந்த ஆள்போல நின்றது. பின்னால் அவளுக்குப் பெங்களூரில் இடம் கிடைத்தது, அதற்கு முன் நடந்த நேர்காணலில் கேள்வி கேட்ட மூன்று பேரும் முதலில் கேட்டது அந்த வார்த்தையைத்தானாம். சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்றாம்.

சபரி எழுந்து போய் அடுப்பை அணைத்தார். ஹாஜிரா தூக்குச்சட்டியைத் திறந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கவுஸ் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "வாரியாய்யா கடைக்கு?"

"இல்ல பாய். இங்க கம்பெனியில ரப்பர்ல கேஸ்கெட் வெட்டுற வேல. சேந்துட்டேன், விட முடியாது." ஒரு கவளம் சாப்பிட்டார். "கோவமெல்லாம் போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கொறஞ்சிருக்கு. புதுசா ஒரு ஆளப் போடுங்க, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வேணும்னா வந்து கை பழக்கி விடுதேன். நீங்க வெட்டுறதத் தெருவே பேசுதாம்ல."

கவுஸ் சிரிக்கவில்லை. ஆனால் தாளிச்சாவை எடுத்துச் சபரியின் தட்டில் ஊற்றினார்.

கை கழுவிவிட்டு வந்த சபரி பழைய இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "எழுதுனத மொதல்லருந்து ஒருக்கா படி பாப்பா."

மர்ஜானா படித்தாள். டேப், சாக்பீஸ் கோடு, பிளேனின் வயிறு, சைபரின் கொம்பு. ஹாஜிரா இதை மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். வெளியே ஒரு லோக்கல் ரயில் கடந்து போயிற்று, சத்தம் அடங்கும்வரை மர்ஜானா நிறுத்தினாள். பிறகு அடித்து எழுதிய இடத்துக்கு வந்தாள்.

"மாமா நோட்டப் பாத்தாங்க. அப்புறம் என்னப் பாத்தாங்க. பல்லக் கடிச்சாங்க."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ம்" என்றார் சபரி. "இப்பச் சரி. மேல படி."